நீ நடந்த பாதையில் விழுந்த கற்கள்

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பாதை திருத்துகிறார்கள். இன்று காலை, வெட்டிப் போட்ட கற்களின் மேல் மழை பெய்திருந்தது. ஈரக் கல்தூளின் மணம் மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். மருத்துவமனையிலிருந்து உன் கணவர் கொண்டுவந்த, நீ கடைசியாகக் காலில் போட்டிருந்த சப்பாத்துகளில் இருந்த மணம் அது.

லாங்கன்தால் என்ற இந்தக் குளிர்நாட்டுச் சிறு நகரின் முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு வருடங்கள் நாம் ஒன்றாக வேலை செய்தோம். நீ மட்டக்களப்பு, நான் யாழ்ப்பாணம். எந்தக் குளிரிலும் நீ சைக்கிளில் வருவாய். நானோ கால்மணி நேரத்தில் நடந்துவிடக்கூடிய தூரத்துக்குத் தனியாகக் கார் ஓட்டி வருவேன். புடவை எடுக்கப் பாரிசுக்கும் கார்தான். லண்டனில் சொந்தத்தில் ஒரு பெண் பெரியவளாகிச் சாமத்தியவீடு என்றால் விமானம். வீட்டில் மட்டும் ஹீட்டரைக் குறைத்து, அறை அறையாக விளக்கணைப்பேன்.

"லைற்ற அணைச்சுட்டுப் பிளேன்ல ஏறுறாய்," என்று சிரிப்பாய். "ஒருக்காப் பறந்தா நீ மாசக்கணக்கா மிச்சம் பிடிச்சதெல்லாம் போயிடும்."

"நீ ஒருத்தி கார் வாங்காட்டி மலையில பனி உருகாம நிக்குமோ?"

"நிக்காது. ஆனா என்ட கையால அத உருக்கிவிட எனக்கு ஏலா."

கோடை வந்தால் ரயிலிலும் பஸ்ஸிலுமாக ஏறி, மலையில் உள்ள ஒரு பனியாற்றைப் பார்க்கப் போவாய். ஒருமுறை என்னையும் கூட்டிப்போனாய். நீ இந்த நாட்டுக்கு வந்த வருடம் பனி நின்ற இடத்தில் சாம்பல் நிறச் சேறுதான் கிடந்தது. காற்றே இல்லை. ஆனாலும் மேலே எங்கோ சின்னக் கற்கள் உருண்டன.

"கேக்குதா?" என்றாய். "போன வருசம் இந்தச் சத்தம் இல்ல. பாறையப் பிடிச்சு வச்சிருந்த பனி இளகுது."

"வா, போவம்," என்றேன். பஸ் வரும்வரை நீ மேலேயே பார்த்துக்கொண்டு நின்றாய்.

அடுத்த கோடையும் கூட வருவதாகச் சொல்லியிருந்தேன். அதே சனிக்கிழமை லண்டனில் மச்சாளின் மகளுக்குச் சாமத்தியவீடு. "நீ போய்ட்டு வா, நான் பாத்துட்டு வாறன்," என்றாய். விமானம் இறங்கி, கைபேசியைப் போட்டதும் உன் கணவரின் குரல்: "கல் விழுந்திட்டு. அவ கீழ பாதையில நிண்டவ."

என் விமானம்தான் அந்தக் கல்லை உருட்டியது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதற்கும் எனக்கும் தொடர்பில்லை என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. இப்போது வேலைக்கு நடந்து போகிறேன். போன கிழமை மச்சாளிடம், இந்த முறை லண்டனுக்கு ரயிலில் வருவதாகச் சொன்னேன்.

"விசரோ உனக்கு? அவள்தான் போயிட்டாளே, இனி ஆருக்காக?" என்றாள்.

ரயில் நேரத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

வானம் வெளித்த நாட்களில் இல்லத்தின் மேல்மாடி ஜன்னலில் மலைத்தொடர் தெரியும். நான் பராமரிக்கும் வயதான பெண் ஒருவர் அதைப் பார்த்து, எவ்வளவு அழகு என்று கை தட்டுவார். நானும் தலையாட்டுவேன். போன வருடம் வெள்ளையாக இருந்த எந்த இடம் இந்த வருடம் கறுத்திருக்கிறது என்றுதான் என் கண் தேடும். அப்படிப் பார்க்கும் பழக்கம் உன்னிடமிருந்து எனக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு புது இடம் அகப்படுகிறது.