ஏலக்காய்க் கடையின் சிக்கன நடவடிக்கைகள்

அன்புள்ள அப்பா,

சென்ற மாதம் முதல் தேதி காலை, நம் கடையின் வரலாற்றிலேயே முக்கியமான தீர்மானம் ஒன்றை நானும் தம்பி முருகேசனும் ஒருமனதாக நிறைவேற்றினோம். வாடிக்கையாளர்கள் முகர்ந்து பார்க்க உடைத்துக் கொடுக்கும் ஏலக்காய் இனி ஆளுக்கு ஒன்று கிடையாது, நாளுக்கு ஒன்று. ரோசம்மா அக்கா வாக்களிக்கவில்லை. அவரை நாங்கள் கேட்கவில்லை.

நீங்கள் போன பிறகு குமுளியில் வியாபாரம் மந்தம். சுற்றுலா பஸ்கள் வராமல் இல்லை. இறங்குகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு ஏறிவிடுகிறார்கள். பக்கத்து மிளகுக் கடைக்காரர் பாதிக் கடையை மொபைல் ரீசார்ஜுக்கு விட்டுவிட்டார். மேட்டிலிருக்கும் சாக்லேட் கடையில் ‘சீசனில் திறக்கப்படும்’ என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். எந்த சீசன் என்று எழுதவில்லை.

நமக்கு ஆளைக் குறைக்கும் வழி இல்லை. ஆஸ்பத்திரியில் நீங்கள் கடைசியாகச் சொன்னது அதுதானே? “ரோசம்மாவ மட்டும் நிப்பாட்டிராதீங்கடா.” எஸ்டேட்டை விட்டு வந்ததிலிருந்து நம் கடையில் காய் தரம் பிரிப்பவர். அந்த வேலையை நம்பித்தான் மகளை நர்சிங் படிக்க வைக்கிறார். உங்கள் சொல்லைக் காப்பாற்றுவதற்காக ஃபேனை நிறுத்தினோம், ஒரு விளக்கைக் கழற்றினோம், கடைசியில் காயில் கை வைத்தோம்.

காலையில் நகத்தால் கீறிய காய் பதினொரு மணிக்குமேல் வெறும் தோல் என்பது உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு ஏன் தெரியாமல் போயிற்று? மதுரையிலிருந்து வந்த ஓர் அம்மா அதை முகர்ந்துவிட்டு, “ஒரு வாசமும் வரலியே” என்றார். “ஒனக்குச் சளி” என்ற கணவர், தானும் வாங்கி முகர்ந்தார். இருவரும் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

“டப்பா நெறய நல்ல காய வச்சுக்கிட்டு இதக் காட்டுறீகளே தம்பி,” என்றார் ரோசம்மா அக்கா. “பொண்ணு பாக்க வந்தவுகளுக்கு அத்தையக் காட்டுன மாதிரில்ல இருக்கு.”

“சிக்கனம்க்கா. எல்லாம் ஒங்களுக்காகத்தான்,” என்றான் முருகேசன்.

“எனக்காகவா? அப்ப அதை எங்கிட்டயே குடுத்துருங்க. டீயிலயாவது போட்டுக்கிடுறேன்.”

விற்பனை இன்னும் விழுந்தது. விற்காததால் காய் குறைவாக வாங்கினோம், தரம் பிரிக்கவும் குறைவாகவே இருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் போதும் என்று அவரிடம் சொன்னோம். நிறுத்தவில்லை அப்பா, அதைக் கவனியுங்கள். உங்கள் சொல்லை எழுத்துக்கு எழுத்துக் காப்பாற்றினோம். மூன்று நாள் வேலையில் நர்சிங் படிப்பு எப்படி நடக்கும் என்று மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் தன் முறத்தைத் துடைத்துக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். “எதிர்த்தாப்புல இருக்குற ஏலக்காக் கடையில ஆறு நாளும் வேல இருக்குங்காக. மொதலாளி இருந்தா அவருகிட்ட சொல்லிட்டுப் போயிருப்பேன்.”

“நாங்க ஒங்கள நிப்பாட்டலயேக்கா,” என்றான் முருகேசன். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

“நிப்பாட்டலதான். அதச் சொன்னா காலேஜ்ல பீஸக் கொறைப்பாகளா தம்பி?”

அவர் சாலையைக் கடந்து போவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நீங்களாக இருந்தால் என்ன சொல்லித் தடுத்திருப்பீர்கள்?

ஒரு வாக்குத் தருகிறேன். வருகிற ஞாயிறு, அவர் மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் நானே வீட்டுக்குப் போவேன். ஆறு நாளும் வேலை உண்டு என்று சொல்லிக் கூப்பிடுவேன்.

எதிர்க்கடையில் அவரை வாசலிலேயே உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு காய் உடைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை வந்த இரண்டு பஸ்ஸிலிருந்தும் ஆட்கள் அங்கேதான் போனார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகன்