மூவர் சொன்ன மழை

அப்பாவுக்கு,

நேரில் கேட்டால் தேத்தண்ணீர் போட எழும்பிப் போய்விடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

கல்லூரியில் வரலாற்றுப் பாடத்தின் கடைசி ஒப்படை, குடும்பம் ஒக்லாந்து வந்த கதை. இதில் தேறினால்தான் அடுத்த வருடம் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். உங்களிடம் கேட்டேன், அம்மாவிடம் கேட்டேன். ஏவன்டேலுக்குப் போய் மகேசன் மாமாவிடமும் கேட்டேன்.

"அண்டைக்கு நல்ல மழை. செருப்பும் போடாமல் பின்கதவாலை ஓடினம்." மூவரும் இதையே சொன்னீர்கள். ஒரு சொல் மாறவில்லை. ஆனால் நீங்கள் ஊரை விட்டு ஓடிய அன்று மாமா கொழும்பில் இருந்தவர்.

சாட்சிகள் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போனால் சந்தேகப்படுங்கள் என்றுதான் வகுப்பில் பழக்குகிறார்கள்.

"பாடமாக்கினனீங்களோ மாமா?" என்றேன், பகிடியாக.

"ஓம் பிள்ளை. அகதி விசாரணைக்கு உன்ரை அப்பர்தான் இருத்திச் சொல்லித் தந்தவர். இன்னும் மறக்கேல்லை!"

சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"இதை ஆர் வாசிப்பினம்?" என்று நீங்கள் மூன்று தரம் கேட்டீர்கள். பெருமை என்று நினைத்தேன்.

பயப்பட வேண்டாம். ஒப்படையின் தலைப்பை மாற்றி, ஒனேஹங்கா துறைமுகத்தின் வரலாற்றை எடுத்துவிட்டேன். உங்களைப் பற்றி ஒரு வரியும் கொடுக்கமாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மனுரேவா வீட்டுக்கு வருவேன். கேத்திலைத் தொடவேண்டாம்.

அன்று மழை பெய்ததா, அப்பா?

உங்கள்
மூத்த மகள்