வாகீசன் பெயரில் கேட்ட கேள்விகள்

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.
08.07.2025

மதிப்புக்குரிய சோமசேகரம் அண்ணைக்கு,

கொழும்பில் நீங்களும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். நான் கஜந்தினி, வாகீசனின் மனைவி. மின்னஞ்சலில் எழுதினால் அவர் பெயரில்தான் உங்களுக்கு வரும். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

அண்ணை, மாசி மாதம் பலாலி வீதியில் நடந்த விபத்தில் அவர் தவறிவிட்டார். அதற்குப் பிறகு உங்கள் மென்பொருள் உதவிப் பிரிவுக்கு வந்த கேள்விகளெல்லாம் நான் கேட்டவை.

கீரிமலையில் அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையை முடித்து வந்த பின்னேரம் அவருடைய கணினியைத் திறந்தேன். "வாகீசன், பிரச்சினை தீர்ந்துதோ? ஒரு மாசமாச் சத்தத்தைக் காணேல்லை" என்று கேட்டிருந்தீர்கள். உண்மையை எழுதத்தான் உட்கார்ந்தேன். "ஓம் அண்ணை" என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டேன்.

அவர் பாதியில் விட்ட நீர்ப்பம்பிக் கைநூலை முடித்துக் காட்டினால் அந்த வேலையை எனக்கே தருவதாக அவருடைய அலுவலகத்தில் சொன்னார்கள். கைநூல் எழுதும் அந்த மென்பொருளில் எனக்கு ஒன்றுமே தெரியாது. மின்சார எச்சரிக்கைப் பந்தி ஒன்றை இந்த நூலுக்கு வேண்டாமென்று அழித்தேன். அது எல்லாக் கைநூல்களுக்கும் பொதுவான பந்தியாம்; நாற்பது கைநூல்களிலும் காணாமற்போய்விட்டது. நீங்கள் மீட்டுத் தந்துவிட்டு, "பொதுப்பந்தியிலை கை வைக்கக்கூடாதெண்டு எனக்கே வகுப்பெடுத்த ஆள் நீர், இப்ப என்ன நடந்தது உமக்கு?" என்று பகிடியாகக் கேட்டீர்கள். சிரித்தேன். பிறகு அழுதேன்.

கைநூல் முடிந்தது, வேலையும் கிடைத்தது. ஆனாலும் விடை தெரிந்த கேள்விகளைக்கூடக் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் பதிலின் முதல் வரியில் அவர் பெயர் இருக்குமே, அதற்காக. அவரைப்போல "சரியண்ணை, பிறகு கதைப்பம்" என்று முடிக்கவும் பழகிவிட்டேன். சிலவேளை, அனுப்பியதைத் திரும்ப வாசித்தால் அது நான் எழுதியதுபோல இருப்பதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணை.

ஆவணியில் வருவதாகவும், "சந்நிதியிலை நீரும் நானும் ஒண்டா இருந்து அன்னதானம் சாப்பிடுவம்" என்றும் நேற்று எழுதியிருந்தீர்கள். நாலு வருடமாக உங்களைத் தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகன் கோயிலுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அவர். இனியும் மறைக்க முடியாது.

அவர் போனது தெரியாமல் இருந்தது நீங்கள் ஒருவர்தான். உங்களிடம் மட்டும் அவர் உயிரோடு இருந்தார். அதையும் இன்று நானே அழிக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளில் உள்ள பெயரை என் பெயராக மாற்றிவிடுங்கள். சந்நிதிக்குக் கட்டாயம் வாருங்கள், நான் வந்து நிற்பேன். முருகன் உங்களைக் காப்பான்.

மாற்றுவதற்கு முன் ஒன்று. நேற்று நான் கேட்ட கேள்விக்கு மட்டும் அவர் பெயர் போட்டு ஒரு பதில் எழுதுங்கள். விடை எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
கஜந்தினி வாகீசன்