இரண்டு பெயர்ப்பலகை, ஒரே பெட்டி

ஆனி 5, வியாழன்

கச்சான் காற்று. விடிந்த கையோடு முற்றம் சுடுகிறது. கோழிகளுக்கு இரண்டு தரம் தண்ணீர்.

இவருடைய இரத்த ரிப்போர்ட் வந்தது. காலில் நரம்பு இழுக்கிறது என்று சொன்னதால் செய்த சோதனை. சந்தியில், ரோட்டுக்கு மேற்குப் பக்க லாப். பொட்டாசியம் என்று ஒன்றாம் (இனிப் பொ.). ஐந்துக்குக் கீழே நிற்க வேண்டியது, ஆறு தசம் ஒன்று. அங்கே வந்து பார்க்கிற டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, இது நெஞ்சை நிப்பாட்டிப் போடும். இண்டைக்கே டவுனில எங்கட ஆஸ்பத்திரியில கொண்டு போய்ப் போடுங்க."

எங்கட என்கிறார். போன வருடம் வரை அவருக்கு ஒரு மேசையும் கதிரையும்தான்.

நாலைந்து நாள் தவணை கேட்டேன். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கரைத்துக் குடிக்க ஒரு மா தந்தார். பிரஷர் குளிசையை நிறுத்தச் சொன்னார், அது பொ.வை ஏற்றுமாம். புதன் காலை ஆஸ்பத்திரியில் கட்டில் பிடித்திருக்கிறது.

விலக்க வேண்டியவை: இளநீர், வாழைப்பழம், முருங்கையிலை, பொன்னாங்காணி, தக்காளி, கிழங்கு.

ஓட்டோவில் இவர் கேட்டது: "அப்ப மிச்சம் என்னகா இருக்கு தின்ன?"

சோறு என்றேன்.

ஆனி 6, வெள்ளி

ஒரு வாய் சொன்னதை நம்பி ஆளைக் கொண்டுபோய்ப் படுக்க வைக்க மாட்டேன். கிழக்குப் பக்க லாபுக்குப் போவதென்று முடிவு. இரண்டும் கீரியும் பாம்பும். ஒருவன் விலையைக் குறைத்தால் மற்றவன் சனிக்கிழமையில் சும்மா இரத்தச் சீனி பார்த்துத் தருவான். பகையாளிகள் இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால் அது உண்மை. அதுதான் என் கணக்கு.

ஆனால் கிழக்குப் பக்கம் கனகசூரியத்தின் லாப். ஒன்பது வருடமாக அந்தப் படி மிதிக்கவில்லை. மாசி மாதம், வெள்ளிக்கிழமை, நான் பச்சைச் சேலை. ஆறு வருடம் பிள்ளையில்லாமல் இருந்த என் மகளின் ரிப்போர்ட்டை யன்னலில் நின்று ரோட்டுக்கே கேட்கும்படி சொன்னான்: "இல்ல அக்கா, இந்த முறையும் இல்ல." மீன்காரன் சைக்கிளை நிறுத்திப் பார்த்தான். மகள் தலையைக் குனிந்துகொண்டு சந்தி வரை நடந்தாள். சாகும் வரை மறக்க மாட்டேன்.

இவருக்காக மிதித்தேன். கனகன் அங்கே இல்லை. வீட்டோடு இருக்கிறானாம். கௌண்டரில் பின்வளவுப் பிள்ளை தர்சினி. எங்கே போனாலும் முதல் நம்பர் எடுப்பதுதான் என் வழக்கம், மேற்குப் பக்கத்திலும் அப்படித்தான். இவரைக் கூட்டிக்கொண்டு ஐந்தரைக்கே போய் இங்கேயும் முதல் நம்பர். பழுகாமத்திலிருந்து வந்த ஒரு மனிசி இரண்டாவது, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

சோதனை விலை அந்தப் பக்கம் எவ்வளவோ இந்தப் பக்கமும் அவ்வளவு. சதம் பிசகவில்லை. முன்பு இதில் பாதி.

ஆனி 7, சனி

ஆறு தசம் மூன்று. கூடியிருக்கிறது.

சமைக்கவில்லை. நேற்றைய சோற்றில் தண்ணீர் ஊற்றி இவருக்கு. என் பங்கு கோழிகளுக்கு.

பின்னேரம் இவர் வேலிக் கடப்படியில் இருந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொல்கிறார். விதைநெல் எந்த மூட்டை. வயல் வட்டையில் நம்முடைய வரம்பு எந்த மரத்தடியில் திரும்புகிறது. மேல்காணிக்காரனிடம் தண்ணீருக்குச் சண்டை பிடிக்க வேண்டாம்.

"இதெல்லாம் என்னத்துக்கு இப்ப?"

"உனக்குத்தான் எல்லாம் ஞாபகம் நிக்குமே. வச்சிரு."

நாற்பத்தாறு வருடத்தில் என் ஞாபகத்தை இவர் புகழ்ந்தது இன்றுதான். கேட்க வேண்டாம் போல இருந்தது.

தலையிடிக்கிறதாம். பின்கழுத்தும்.

ஆனி 8, ஞாயிறு

இரவு முழுக்க இரண்டு ரிப்போர்ட்டும் என் தலைமாட்டில். ஐந்தாம் வகுப்புத்தான் படித்தேன், இங்கிலீஸ் தெரியாது, படம் தெரியும். இரண்டு தாளிலும் மூலையில் ஒரே பச்சை இலை. கீழே ஒரே கையெழுத்து, வால் நீண்டு மேலே வளைகிற கையெழுத்து. பெயர்ப்பலகைதான் வேறு.

தர்சினி வீட்டுக்குப் போனேன். உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். தாள்களைக் காட்டினேன். முகம் சுருங்கிவிட்டது.

"பெரியம்மா, நான் சொன்னதெண்டு சொல்லிப் போடாதீங்க. இப்ப ரெண்டும் ஒரு கொம்பனிதான். இஞ்ச மிசின் ஒண்டும் இல்ல, எல்லாம் டவுனுக்குக் கொண்டு போயிட்டாங்க. பத்தரைக்கு மோட்டச்சைக்கிள் வரும். ரெண்டு பக்கத்து ரத்தமும் ஒரே பெட்டியிலதான் போகும்."

"அப்ப நான் பகையாளியிட்டக் கேக்கல்லயா?"

"ஒரு ஆளிட்டயே ரெண்டு தரம் கேட்டிருக்கிறீங்க."

கண் கலங்கி நின்றாள். தகப்பனில்லாத பிள்ளை, இந்தச் சம்பளம்தான் அந்த வீட்டின் அடுப்பு. அவளிடம் எனக்குக் கோபமில்லை. கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றும் தெரியவில்லை.

புறப்படும்போது மெல்லச் சொன்னாள்: "கனகசூரியம் அண்ணைட்ட ஒருக்காக் காட்டுங்க."

ஆனி 9, திங்கள்

போனேன். ஒன்பது வருடப் பகையைத் தூக்கிக்கொண்டு அவன் வளவுக்குள்.

மெலிந்துவிட்டான். வாசலில் நின்றபடியே தாள்களைக் கொடுத்தேன். அவன் பார்த்தது எண்களை அல்ல, தாளில் போட்டிருந்த நேரத்தை.

"எத்தின மணிக்கு ரத்தம் குடுத்தயள் அக்கா?"

"அஞ்சரைக்கு. ரெண்டு இடத்திலயும் முதல் நம்பர்."

"அதுதான் பிழைச்சது. எடுத்த ரத்தத்தக் கெதியா மிசின்ல சுத்திப் பிரிக்கோணும். அப்பிடியே கிடந்தா ரத்தத்துக்குள்ள இருக்கிற பொட்டாசியம் வெளியில கசியும். மிசின் அதையும் சேத்துத்தான் எண்ணும். அஞ்சரையில இருந்து பத்தரை மட்டும் கிடந்திருக்கு. முதல் நம்பர் எடுக்கிறவங்கட ரத்தம்தான் கூட நேரம் கிடக்கும்."

அப்போதுதான் அவன் வாசற்படியில் நான் குந்தினேன்.

"அப்ப இவருக்கு ஒண்டுமில்லயா?"

"எனக்குத் தெரியா அக்கா. இருக்கவும் கூடும். பெரியாசுப்பத்திரியில ஒருக்கா எடுங்க, அங்கயே பாப்பாங்க. அந்தப் புள்ளையள் வேணுமெண்டு செய்யல்ல. மிசினும் இல்ல, ஆளும் காணாது."

ஏன் விற்றாய் என்று கேட்டேன். கோபமில்லாமல் சொன்னான். எதிர்ப்பக்கத்து லாபைக் கொம்பனி வாங்கியதும் விலையை இவனுக்குக் கீழே இறக்கினார்கள். சனிக்கிழமை மட்டுமல்ல, தினமும் சும்மா சீனி. இவன் எட்டு மாதம் தாக்குப் பிடித்தான். பிறகு அவர்களிடமே கொடுத்துவிட்டான். கொடுத்து அடுத்த மாதம் விலை ஏறியது, இறங்கவே இல்லை.

"சனமெல்லாம் அங்கால போயிட்டுது. நீங்களும் போனயள். ஊரையும் கூட்டிட்டுப் போனயள்."

உண்மை. கிணற்றடியில் நின்று சொன்னேன், கோயில் வீதியில் சொன்னேன், கலியாண வீட்டிலும் சொன்னேன், அவனிடம் போகாதீர்கள் என்று. எந்தெந்த வீட்டைத் திருப்பினேன் என்று இப்போதும் பெயர் சொல்வேன். பதினேழு வீடு.

கடப்பு வரை வந்தான். "மகள்ட விசயத்தில நான் செஞ்சது பிழைதான் அக்கா" என்றான்.

மகளிடம் சொல்ல வேண்டிய சொல் அது, என்னிடமல்ல. ஆனால் காதில் வாங்கிக்கொண்டேன்.

ஆனி 10, செவ்வாய்

நாலு மணிக்கு எழும்பி, பஸ்ஸில் அரசாங்கப் பெரியாசுப்பத்திரி. சந்தியில் லாப் மலிவு, கிட்ட என்று நான்கு வருடமாக இந்தக் கிளினிக்கை விட்டிருந்தோம். குந்த வாங்கில் இடமில்லை. விசிறி ஒன்று சுற்றவில்லை. இவருக்குச் சுவரில் சாய இடம் பிடித்தேன்.

சின்ன வயது டொக்டர், சிங்களப் பிள்ளை, தமிழ் அரைகுறை. பிரஷர் பார்த்ததும் எழும்பிவிட்டார். நூற்றுத் தொண்ணூற்றாறு. "பெத்தி யார் நிப்பாட்டினது?" பெத்தி என்றால் குளிசை. மேற்குப் பக்க டொக்டர் எழுதித் தந்த தாளைக் காட்டினேன். வாசித்துவிட்டு வாயை இறுக்கிக்கொண்டார். யாரையும் ஏசவில்லை. தானே இரத்தம் எடுத்து, தானே கொண்டு ஓடினார்.

இவர் கட்டிலில். நான் கால்மாட்டில். கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன், மற்றவர்களுக்குத் தெரியாமல்.

ஒன்றரை மணி நேரம்.

நாலு தசம் நாலு.

பொ. சரி. நெஞ்சு வரைந்து பார்த்ததும் சரி. பிரஷர்தான் ஆபத்தாம், ஐந்து நாள் குளிசை இல்லாமல் இருந்ததால். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் ஒரு பக்கம் இழுத்திருக்கலாம் என்று தாதி சொன்னாள். குளிசை தந்து பின்னேரம் வரை வைத்திருந்து வீட்டுக்கு விட்டார்கள்.

பஸ்ஸில் இவர் தூங்கினார். நான் தூங்கவில்லை. அந்தப் பழுகாமத்து மனிசியின் முகம். பெயர் கேட்காமல் விட்டேன். எனக்கு முந்திவிடுவாளோ என்ற கோபத்தில்.

ஆனி 11, புதன்

காற்று குறைவு. இவருக்குக் கழுத்து நோவு இல்லை.

எட்டு மணிக்குப் போன். டவுனில் கொம்பனி ஆஸ்பத்திரி, ஒரு பெண்பிள்ளை. "அம்மா, ஐயாவ எத்தின மணிக்குக் கொண்டு வாறீங்க? கட்டில் பத்து மணி மட்டும்தான் வச்சிருக்கலாம்."

நன்றாக ஏச வேண்டும் என்று இரவே சொற்களை அடுக்கி வைத்திருந்தேன். குரல் தர்சினியின் வயதுக் குரல். அடுக்கியதெல்லாம் போய்விட்டது.

"இவர் வரமாட்டார் மகள். பெரியாசுப்பத்திரியில எடுத்துப் பாத்தம், அவருக்கு அது இல்ல. உங்கட பெட்டியில ரத்தம் கூட நேரம் கிடந்திருக்கு. அந்தக் கட்டில வேற ஆக்களுக்குக் குடுக்க முதல் அவங்கடயும் திருப்பி ஒருக்காப் பாருங்க."

போனுக்குள் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி:

"அம்மா, அங்க ஆரிட்டப் போறது? என்ட அப்பாவுக்கும் ஆறுக்கு மேல காட்டிக் கிடக்கு. குளிசையும் நிப்பாட்டியாச்சு."

பெரியாசுப்பத்திரியில் கிளினிக் செவ்வாய் என்றேன். சொல்லி வாய் மூட முதல், செவ்வாய் வரை காத்திருக்காதே, இப்போதே கூட்டிக்கொண்டு போ என்றேன்.