ஏரிக்கரையில் பதினாறு அடி

அண்ணா,

இன்று காலை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஃபைபர் ஒட்டுகிற ரெசின் வாசனை அடித்தது. மூலைப் பட்டறையில் யாரோ காரின் உடைந்த பம்பரை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கூட வந்த பெண்கள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாக நடந்தார்கள். நான் மட்டும் அங்கேயே நின்று நன்றாக இரண்டு மூச்சு இழுத்தேன். கம்பெனிக்குப் பத்து நிமிடம் தாமதம். சூப்பர்வைசர் கேட்டதற்கு பஸ் லேட் என்று சொல்லிவிட்டேன். எங்கள் அண்ணன் வாசனை வந்தது, அதனால் நின்றுவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அந்த ஆள் என்னை அப்படியே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

முப்பது வருடம் அந்த வாசனையோடுதான் நீ வேலையிலிருந்து வந்தாய். தண்ணீர் டேங்க், பஸ் சீட், மாதா கோயில் சப்பரத்துக்கு இறக்கை வைத்த சம்மனசு என்று ஃபைபரில் எது கேட்டாலும் செய்து கொடுப்பாய். உன் சட்டையில் ஒட்டிய இழை துவைக்கிற என் கையை இரண்டு நாள் அரிக்கும். திட்டிக்கொண்டேதான் துவைப்பேன். நீயும் கேட்காத மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருப்பாய்.

படகு செய்யப்போகிறேன் என்று நீ சொன்னபோது மட்டும் நான் திட்டவில்லை. அந்தப் பெரிய வெள்ளத்தில் நாம் எல்லோரும் பள்ளத் தெருவில் ஒரே மொட்டை மாடியில் கிடந்தோம். அண்ணியின் இன்சுலின் தீர்ந்துபோய் மூன்று நாள். லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த படகு மூன்றாம் நாள் சாயங்காலம்தான் நம் தெருவுக்கு வந்து சேர்ந்தது. அண்ணி அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். அடக்கம் முடிந்து வரும்போது நீ ஒன்றுதான் சொன்னாய். "ஏரி நம்மாண்ட கீது, படகு மட்டும் இல்லாம பூட்ச்சே."

எட்டு மாதம், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக வேலை செய்தாய். முதலாளியிடம் மிச்சம் மீதி கேட்டு வாங்கி, டேங்குக்கு அடிக்கிற அதே நீலத்தைப் பூசி, பதினாறு அடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு படகு. ஃபாதர் வந்து மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். ஏறி உட்காருங்கள் என்று நீ கூப்பிட்டதற்கு, "நான் கரையிலிருந்தே ஆசீர்வாதம் பண்றேன்" என்று நழுவிவிட்டார். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தாய்.

சிரித்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் ஏரியோர நிலக்காரர் உன்னைக் கூப்பிட்டனுப்பினார். தலைமுறையாக அங்கே நெல் போட்ட குடும்பம். வெள்ளத்துக்குப் பிறகு ஏரிப்பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்காத நேரம் அது. கரையை ஒட்டி அரை கிரவுண்டு இருக்கிறது, படகுக்காரன் நீயே வைத்துக்கொள், கையில் இருப்பதைக் கொடு என்றார். நீ நேராக என்னிடம் வந்தாய்.

"இன்னாமா சொல்ற?"

அன்றைக்கு நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொல்ல முடியும். "தண்ணிக்குப் பயந்து ஓடிகினு கீறோம், நீ இன்னாடான்னா தண்ணியாண்டயே ஊடு கட்டணும்ன்றியே. கொசு, பாம்பு, நாத்தம். எவண்ணா வருவான் அங்க? மேட்டுல வாங்கலாம்." இருவர் பணத்தையும் சேர்த்து, ரயில் பாதைக்குப் பின்னால் மேட்டில் மனை வாங்கினோம். கீழே நாங்கள், மாடி அறையில் நீ. அன்றைக்கு வெள்ளத்தில் நனைந்த யாரைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் நீ கேட்டது என்னை.

படகைத் தன் நிலத்து வேப்ப மரத்தில் கட்டிக்கொள்ளச் சொன்னார் அந்த நிலக்காரப் பெரியவர். வாடகை எவ்வளவு என்று கேட்டதற்கு, "படகுக்கு இன்னா வாடகை? அது இன்னா சோறா துன்னுது?" என்றாராம். அப்புறம் ஒரு மழையில் பள்ளத் தெருவில் பாதிப் பேரை நீதான் ஏற்றிக்கொண்டு வந்தாய். நிறைமாதமாக இருந்த சாந்தியை, மேலே குடை பிடித்து, ராணி மாதிரி உட்கார வைத்து மெயின் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தாயே. அதிலிருந்து அந்தத் தெருவில் யாருக்கும் உன் பெயர் தெரியாது. படகு அண்ணன்தான்.

நீ இருக்கும்போதே ஏரியைத் தூர் வாரினார்கள். நடைபாதை வந்தது, விளக்கு வந்தது, காலையில் ஷூ போட்டுக்கொண்டு நடக்கிறவர்கள் வந்தார்கள். நாற்றம் போனதும் விலை ஏறியது. பெரியவர் அன்றைக்கு அரை கிரவுண்டுக்குக் கேட்ட பணத்தில் இன்று அந்தக் கரையில் படகின் மூக்கை வைக்கக்கூட இடம் கிடைக்காது. பெரியவர் போனார். அடுத்த வருடம் நீயும் போனாய். நாற்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் பெரியவரின் பிள்ளைகள் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். "இடத்த பில்டருக்குக் குடுத்துட்டோம்கா. ஒரு மாசத்துல படகை எட்துக்கணும்."

அந்த ஒரு மாதம் நான் அலைந்த அலைச்சலை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? முதலில் புரோக்கர். இடம் எதற்கு என்று கேட்டார். படகு நிறுத்த என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தரையில நின்னா ஏரி தெரிஞ்சிதுன்னா ஒரு ரேட்டு. மாடிலேந்து தெரிஞ்சா ஒரு ரேட்டு. எங்கேந்து பாத்தாலும் தெரியலன்னா, அதான்கா நம்ம ரேட்டு" என்றார். சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

பிறகு, நம் வேப்ப மரம் நின்ற இடத்தில் அடுக்கு மாடி கட்டுகிறவர்களின் ஆபீசுக்கே போனேன். ஏ.சி. போட்டிருந்தார்கள், ஜூஸ் கொடுத்தார்கள். அங்கே இருந்த பெண் வழவழப்பான ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டியது. ஏரி, பால்கனி, காபி குடிக்கிற புருஷன் பெண்டாட்டி. ஏரி நடுவில் ஒரு படகு, அண்ணா. நீல நிறம்.

"இங்க படகு விடலாமாம்மா?"

"இல்ல மேடம், அது சும்மா டிசைனர் போட்டது. ஏரில எறங்கவே அலவ் பண்ண மாட்டாங்க."

"எனக்கு எண்பது சதுர அடி போதும். கரையோரமா ஒரு கார் பார்க்கிங் மட்டும் குடுப்பீங்களா?"

"ஃபிளாட் வாங்குனாதான் பார்க்கிங் மேடம். வண்டிக்கு ஆர்.சி. வேற கேப்பாங்க."

படகுக்கு ஏது ஆர்.சி.? அதற்கு இருந்ததெல்லாம் ஃபாதர் தெளித்த தண்ணீர்தான். கொடுத்த ஜூஸைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தேன். அந்தப் பெண்ணைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, அதுவும் திருவேற்காட்டில் வாடகை வீட்டில்தான் இருக்கிறதாம்.

ஃபாதர் கோயில் வளாகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அது ஏரியிலிருந்து நம் வீட்டை விடவும் தூரம். பழைய சாமான்காரர் வந்து பார்த்து, படகைத் தட்டி, "ஃபைபரா? காசு குடுத்தாக்கூட எட்த்துனு போவ மாட்டேன்கா" என்று போய்விட்டார். நம் சந்தில் வைத்தால் ஆட்டோ திரும்பாது என்று பக்கத்து வீட்டில் சண்டை. கடைசி நாள் கிரேன் வாடகைக்குப் பிடித்து, நம் வீட்டு மொட்டை மாடியில் கவிழ்த்து வைத்தேன். ஏரியிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, இரண்டு மாடி உயரத்தில் நிற்கிறது உன் படகு. கிரேன் இல்லாமல் அதைக் கீழே இறக்க முடியாது. வெள்ளத்தில் எந்தக் கிரேன் வரும்?

மாடிக்குத் துணி காயப்போடப் போகும்போதெல்லாம் உன் மேல்தான் கோபம் வருகிறது. எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்பாயே, அந்த ஒரு விஷயத்திலாவது என்னைக் கேட்காமல் வாங்கித் தொலைத்திருக்கக் கூடாதா?

போன வாரம் இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் விடிந்ததும் சாந்தி போன் பண்ணினாள்.

"அக்கா, படகு எங்க நிக்குது?"

"எங்க ஊட்டு மாடிலம்மா."

"சரிக்கா. அண்ணன் கல்லு பாத்து சொல்லும்ல, நீங்களாவது போய் பாத்து சொல்றீங்களா? அதுக்குள்ள பசங்கள கூட்டிகினு கெளம்பிடறோம்" என்றாள்.

பெரியவர் கரையில் நட்ட எல்லைக்கல். அதைத் தண்ணீர் தொட்டால் மூன்று மணி நேரத்தில் பள்ளத் தெருவுக்கு வந்துவிடும் என்பது உன் கணக்கு. ஒரு தடவையும் தப்பியதில்லை. குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். கல் இருந்த இடம் இப்போது காம்பவுண்டு சுவருக்கு உள்ளே இருக்கிறது. சுவர் என்னை விட உயரம். ஏரிக்கரை நடைபாதைக் கதவையும் மழைக்காகப் பூட்டியிருந்தார்கள். வாசலில் இருந்த வாட்ச்மேனிடம் கெஞ்சினேன். ஒரே ஒரு நிமிடம், ஒரு கல்லைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"வெளியாளுங்கள உடக்கூடாதுன்ட்டாங்கக்கா. நான் உட்டா என் வேலை பூடும்" என்றார். உட்கார்ந்திருந்த நாற்காலியை எனக்கு நகர்த்திப் போட்டார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

நான் உட்காரவில்லை. சுவரோரமாக நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். மழைச் சத்தம்தான் கேட்டது. கையிலிருந்த போன் மறுபடியும் அடித்தது. "அக்கா, தண்ணி கல்லாண்ட வந்துச்சா?"

"இப்பவே கெளம்புங்க" என்றேன்.

பார்க்காமலேதான் சொன்னேன், அண்ணா. பள்ளத் தெரு மொத்தமும் அன்றைக்கு என் பேச்சை நம்பித்தான் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியது.