புகையைப் பார்த்துப் போட்ட சாலை

ஏப்ரல் 9

சாலை அளக்கும் ரோமானியர் விபியஸ் இன்று என்னை இரண்டு முறை கழுதை என்றார். மொழிபெயர்ப்பாளனுக்கு இது நல்ல நாள்தான். ரோமானியர்கள் தேதியைப் பின்னோக்கி எண்ணுவார்கள். எனக்கு அந்தக் கிறுக்கு இன்னும் பிடிக்கவில்லை, முன்னோக்கியே எழுதுகிறேன்.

கடலிலிருந்து எங்கள் மலைக்குள் வரும் சாலைக்கு நாளை மறுநாள் கோடு பிடிக்கிறார்கள். எதிரே கரடிமலையில் அவர்கள் ஆட்கள் புகை போடுவார்கள். இங்கே விபியஸ் நான்கு தூக்குக்குண்டு தொங்கும் கழியை நட்டு, ஒற்றைக் கண்ணால் அந்தப் புகையைப் பார்ப்பார். அதற்கு நேராக முளை அடித்துக்கொண்டே போவார்கள். நடுவில் யார் வீடு, யார் வயல் என்ற பேச்சே கிடையாது.

அன்று பள்ளத்தாக்கில் வேறு யாரும் வெளியே தீ மூட்டக் கூடாது. மூட்டினால் சாலை முடியும்வரை விலங்கோடு கல்லுடைக்க வேண்டும். இதை ஊர் ஊராகப் போய் எங்கள் மொழியில் கத்தியது நான்தான். தொண்டை கட்டிவிட்டது.

ஏப்ரல் 10

பிளாயா அக்கா வந்தாள். அத்தான் வெர்சோ கல்லுடைக்கிற குழியில் பாறை உருண்டு செத்து, நாளையோடு ஒன்பது நாள். ஒன்பதாம் நாள் மலைமுகட்டில் ஈரத்தழை போட்டுப் புகைய விட வேண்டும். இல்லாவிட்டால் செத்தவன் வழி தெரியாமல் அங்கேயே நிற்பான். புருஷனுக்குப் பெண்டாட்டி போட வேண்டும், பெண்டாட்டிக்குப் புருஷன், அப்படி யாரும் இல்லாவிட்டால் கூடப்பிறந்தவர்கள். வேறு யார் போட்டாலும் செல்லாது.

"நாளைக்குன்னு பாத்தா இவனுங்க கோடு பிடிக்கணும்? செத்தவன்கிட்ட போயி ரெண்டு நாள் பொறுத்துக்கன்னு சொல்லவா?"

"விடியறதுக்கு முன்னாடி போட்டு, வெளிச்சம் வர்றதுக்குள்ள அணைச்சிடுக்கா. இவங்க கஞ்சி குடிச்சிட்டு மெதுவாத்தான் வருவாங்க."

நான்தான் சொன்னேன். யாரும் கேட்காமல் நேரமும் குறித்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 11

நேற்று பெய்த மழையில் விறகெல்லாம் ஊறிப்போயிருந்தது. கரடிமலையில் புகை எழவே இல்லை. அக்காவின் தழையும் விடிந்த பிறகுதான் பற்றியிருக்க வேண்டும். மலையெல்லாம் மூடுபனி. அதற்கு மேலே ஒரே ஒரு புகை நின்றது, கரடிமலைக்கு இடப்பக்கம், அக்கா வீட்டுக்கு மேலே உள்ள முகட்டில்.

"பரவால்லயே, சொன்ன நேரத்துக்குப் போட்டுட்டானுங்க" என்றார் விபியஸ்.

நான் பக்கத்திலேயே நின்றேன். அது இல்லை ஐயா என்று ஒரு வார்த்தை. அவ்வளவு போதும். அடுத்து யார் போட்டது என்று கேட்பாரே? வாயை மூடிக்கொண்டேன். முளை அடிக்கும் சத்தம் மாலைவரை கேட்டது.

ஏப்ரல் 12

முளை அக்காவின் அடுப்பங்கரை வழியாகப் போகிறது. வீடு போனால் வேறு கட்டிக்கொள்ளலாம். கட்டிக்கொள்ளலாம்தானே?

மே 2

அக்கா வீட்டை இடித்தார்கள். அரை நாள் வேலை. வீட்டுக்குப் பின்னால் அத்தானைப் புதைத்த இடத்தில் சரளை கொட்டி மட்டம் பண்ணினார்கள். அக்கா அழவில்லை. "மேல வண்டி போனா அவருக்கு வலிக்குமாடா?" என்று மட்டும் கேட்டாள்.

மே 20

மலைக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொரு குழு போட்டுவந்த கோடும் எங்கள் கோடும் சந்திக்கவில்லை. முந்நூறு அடி விலகல். கரடிமலை ஆட்கள் அன்று புகையே போடவில்லை என்பதும் தெரிந்துவிட்டது. இனி சாலையை வளைத்துத்தான் சேர்க்க வேண்டும். விபியஸின் முகத்தில் ரத்தமே இல்லை. யார் தலையிலாவது கட்டியாக வேண்டும்.

மே 21

நூற்றுவர் தலைவன் ஊரையே வரிசையாக நிறுத்தினான். யார் தீ மூட்டியது என்று கேட்கச் சொன்னான். கேட்டேன். அக்கா தானாகவே முன்னால் வந்தாள். பயமே இல்லை அவளுக்கு.

"நான்தான் போட்டேன். எந்தம்பிதான் போடச் சொன்னான், நேரமும் அவன்தான் சொன்னான். அவன் உங்க ஆளு. உங்க ஆளு சொன்னா தப்பில்லன்னு போட்டேன். இதை அப்படியே அவர்கிட்ட சொல்லுடா."

"என்ன சொல்றா?" என்றான் தலைவன்.

"அவளாத்தான் போட்டாளாம். யாரும் சொல்லலையாம்."

அக்காவுக்கு லத்தீன் ஒரு வார்த்தை தெரியாது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்க்கா."

விலங்கு மாட்ட வந்தவனிடம் அவளே கையை நீட்டினாள். ஏதோ சின்ன விசாரணை, தம்பி பார்த்துக்கொள்வான் என்று நினைத்திருப்பாள். நான் நாய். நாய்கூட இப்படிச் செய்யாது.

ஜூன் 15

கல்லுடைக்கும் இடத்தில் அக்கா கூப்பிட்டாள். காதில் விழாதது போல நடந்தேன்.

ஜூலை 30

விபியஸ் எனக்குப் புதுச் செருப்பு கொடுத்தார். ரோமானியச் செருப்பு. காலைக் கடிக்கவே இல்லை.

செப்டம்பர் 4

கல்லுடைக்கிறவர்களில் ஒருத்தி காய்ச்சலில் செத்துப்போனாளாம். "ஒனக்குத் தெரிஞ்சவளா?" என்றார் விபியஸ். பக்கத்து ஊர்க்காரி என்றேன்.

செப்டம்பர் 12

சாலையைப் பார்வையிட மேலதிகாரி வந்தார். வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னார். அக்கா வீடு இருந்த இடம்.

"இவ்வளவு நேரா வந்தது இங்க ஏன் வளையுது?"

விபியஸ் என்னைப் பார்த்தார்.

"அடியில சதுப்பு, ஐயா. நேரா போட்டிருந்தா உள்வாங்கியிருக்கும்."

"புத்திசாலித்தனமான வேலை" என்றார் அதிகாரி. விபியஸ் என் முதுகில் தட்டினார்.

அங்கேயே சூடாகச் சாப்பிட வேண்டும் என்றார்கள். அடுப்பு மூட்டினேன். கையில் கிடைத்த விறகு ஈரம். புகை கிளம்பி நேராக முகட்டுப் பக்கம் ஏறியது. அக்கா போய் எத்தனை நாள் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். ஒன்பது. குனிந்து ஊதினேன், இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று.

அதிகாரி இருமினார். "என்னடா புகை இது, கண்ணெல்லாம் எரியுது. அணை."

ஒரு குடம் தண்ணீர் ஊற்றி அணைத்தேன். வண்டியிலிருந்து காய்ந்த விறகு கொண்டுவந்து மறுபடி மூட்டினேன். நன்றாக எரிந்தது. துளிக்கூடப் புகையவில்லை.