பசை போட்டு ஒட்டிய ஆம்பளைகள்

பாலத்தடித் தோட்டம், மேல் டிவிசன்,
நோட்டன் பிரிட்ஜ்.
12.2.1961

கந்தப்பளை இஸ்கூல் வாத்தியார் தம்பி செல்லசாமிக்கு, செத்துப்போன பழனியாண்டிக் கங்காணி சம்சாரம் நாகலெட்சுமி என் சொந்தக் கையால எழுதுறது. முருகன் புண்ணியத்துல இங்க எல்லாரும் எழுந்து நடமாடுறோம். அங்க குளிர் கடுசுன்னு சொல்றாங்க, கம்பளிய விடாதீங்க.

நீங்க அனுப்பின முதல் பாடம் வந்துச்சு. கவர் மேல என் பேத்தி தனலெட்சுமி பேரைப் போட்டிருக்கீங்க. இந்தத் தோட்டத்துலயே வாத்தியாரா இருந்துட்டுப் போனவர் நீங்க. இங்க தபால் எப்படிக் குடுக்கிறாங்கன்னு மறந்துபோச்சா? சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற எடத்துல, அத்தனை சனத்துக்கு முன்னால கிளாக்கர் அழகையா பேரைச் சொல்லிக் கூப்பிடுறாரு. கல்யாணம் ஆகாத புள்ளைக்கு ஆம்பளைக் கையெழுத்துல கவர். “கந்தப்பளையில யாரு ஆயா உங்களுக்கு?”ன்னு மீனம்மா இடுப்புல கையை வெச்சுக்கிட்டுக் கேக்குறா. “உன் புருசனைத்தான் அங்க தேடச் சொல்லியிருந்தேன்”னு சொல்லி வாயை அடைச்சிட்டு வந்தேன். அவ புருசன் போன ஆடியிலேருந்து வீட்டுக்கு வர்றதில்ல.

இனிமே கவர் என் பேருக்கு வரணும்.

உள்ள இருந்த பாடத்தையும் விடல. எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனா இந்த டிவிசன்ல அந்தக் காலத்துலயே அஞ்சாம் வகுப்பு முடிச்ச பொம்பளை நான் ஒருத்திதான், என்னைச் சுத்திக்கிட்டுப் போகலாம்னு யாரும் நெனைக்க வேணாம். கிளாக்கர்கிட்ட காட்டி அர்த்தம் கேட்டேன். ‘நாளைக்கு வரலாம்னு இருக்கிற மனுசன்.’ ‘கூட்டிக்கிட்டுப் போகக்கூடிய மனுசன்.’ ‘காத்திருக்க வேண்டிய பொண்ணு.’ இது பாடமா தம்பி? யாரு வர்றது, யாரை எங்க கூட்டிக்கிட்டுப் போறது?

அப்பன் ஆத்தா இல்லாத புள்ள. போன பரீட்சையில இங்கிலீசுல மட்டும் தவறிட்டா. அது தேறினா வாத்தியாரம்மா வேலை, தேறாட்டி என்னை மாதிரி முதுகுல கூடை. அதுக்குத்தான் நானே உங்ககிட்ட கேட்டேன். கேட்டது பாடத்துக்கு மட்டும்.

இப்படிக்கு,
ப. நாகலெட்சுமி


கந்தப்பளை,
20.2.1961

மரியாதைக்குரிய அம்மாவுக்கு, செல்லசாமி வணக்கத்துடன் எழுதுவது. கம்பளியை விடவில்லை.

கவரில் பேர் போட்டது என் பிசகு. இனி உங்கள் பேருக்கே வரும்.

பாடத்தில் ஒளிந்திருக்கும் ஆள் யாரும் இல்லை. கிளாக்கர் ஐயா பாதி வரியோடு நிறுத்திவிட்டார் போலிருக்கிறது. கூட்டிக்கொண்டு போகக்கூடிய மனிதர் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். காத்திருக்க வேண்டிய பெண் அட்டன் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள். நாளைக்கு வரலாம் என்கிறவர் ஸ்கூல் இன்ஸ்பெக்டர். அவர் வராமலும் இருப்பார்.

தனம் சென்ற முறை சறுக்கியது இந்த இடத்தில்தான். நாம் தமிழில் ‘மலை ஏறக்கூடிய ஆள்’ என்போம். ஏறுவது முதலில், ஆள் கடைசியில். இங்கிலீஷில் ஆளை முதலில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். பக்கத்தில் ‘ஹூ’ என்று ஒரு சொல்லை வைப்பார்கள். அதற்குப் பிறகுதான் அவருடைய சங்கதி. ‘ஹூ’வுக்குப் பின்னால் ‘கேன்’ வந்தால் அவரால் முடியும். ‘மே’ வந்தால் செய்தாலும் செய்வார், செய்யாமலும் விடுவார். ‘வில்’ வந்தால் செய்யத்தான் போகிறார். ‘மஸ்ட்’ வந்தால் அவருக்கு வேறு வழி இல்லை. தனம் எல்லாருக்கும் ‘கேன்’ போட்டுவிடுகிறாள். அதோடு, ‘ஹூ’ வைத்த பிறகும் ‘ஹீ’ என்று இன்னொன்று போடுகிறாள், ஒரே ஆளை இரண்டு தரம் கூப்பிடுவதுபோல.

ஆண், பெண், ஒருவர், பலர் என்று இந்தச் சொற்கள் மாறுவதில்லை. துரைக்கும் ‘மஸ்ட்’தான், கொழுந்தெடுக்கும் ஆளுக்கும் ‘மஸ்ட்’தான். அது ஒன்று சுலபம்.

தங்கள்,
செல்லசாமி


பாலத்தடித் தோட்டம்,
5.3.1961

வாத்தியார் தம்பிக்கு நாகலெட்சுமி எழுதுறது.

ஆளை முதல்ல வாசல்ல நிறுத்திட்டு அப்புறம் விசாரிக்கிற பாசைன்னு நீங்க எழுதினது எனக்குப் பிடிச்சிருக்கு. வெள்ளைக்காரன் அந்த ஒரு விசயத்துல சரி. நானும் அப்படித்தான்.

அதனால உங்களையும் நிறுத்தி விசாரிக்கிறேன். மொதலாவது, ‘தனம்’னு ரெண்டு எடத்துல எழுதியிருக்கீங்க. அது வீட்டுல கூப்பிடுற பேரு. இஸ்கூல் ரெஜிஸ்டர்ல தனலெட்சுமின்னுதான் இருக்கு. ரெண்டாவது, நீங்க கைம்மாறு எதுவும் கேக்கல. ஒண்ணும் கேக்காதவங்களைக் கண்டா எனக்குப் பயம். மூணாவது, அந்த நாலு ரகத்துல நீங்க எந்த ரகம்? முடிஞ்சவரா, வந்தாலும் வர்றவரா, செய்யப் போறவரா, வேற வழி இல்லாதவரா? இதுக்கு மட்டும் தமிழ்ல பதில் எழுதுங்க.

பாடத்தை நிறுத்தல. ஆனா ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். ஆம்பளை வர்ற வரியையெல்லாம் கிளாக்கர் பென்சில்ல கோடு போட்டுத் தர்றாரு. நான் பழைய பஞ்சாங்கத் தாளைக் கிழிச்சு, கஞ்சிப் பசை தடவி, அதுங்க மேல ஒட்டி, காய வெச்சுத்தான் அவகிட்ட குடுக்குறேன். உங்க இன்ஸ்பெக்டர் மேல சனிப்பெயர்ச்சிப் பலன் ஒட்டியிருக்கு. கோவிச்சுக்க வேணாம்.

இங்க மழை பிடிச்சிருக்கு. அங்க உருளைக்கிழங்கு நல்ல விளைச்சல்னு கேள்வி.

நாகலெட்சுமி


கந்தப்பளை,
18.6.1961

அன்புள்ள அம்மாவுக்கு,

தனலெட்சுமி எழுதி அனுப்பிய விடைகளைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். பாதிக் கேள்விகளுக்கு விடையே இல்லாதது கண்டு முதலில் குழம்பினேன். பிறகு பஞ்சாங்கம் ஞாபகம் வந்தது. பரீட்சை எழுதும் இடத்தில் பசை போட முடியாதே அம்மா. அங்கே ஆண்கள் வருவார்கள்.

இருந்தாலும் இந்தத் தரம் பாடம் முழுக்கப் பெண்களையே போட்டிருக்கிறேன். மழையிலும் தேயிலை மலைக்குப் போக வேண்டிய பெண். இரண்டு கையாலும் கொழுந்து எடுக்கக்கூடிய பெண். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காம்பராவில் பிள்ளையை விட்டுவிட்டு வரலாம் என்கிற பெண். வருகிற கவரையெல்லாம் பிரித்துப் பார்க்கப் போகிற ஓர் அம்மா. கடைசி வரிக்குக் கிளாக்கர் ஐயா என்ன அர்த்தம் சொன்னார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கே இன்னும் தெரியாது. தெரிந்ததும் எழுதுகிறேன்.

தங்கள்,
செல்லசாமி


பாலத்தடித் தோட்டம்,
21.1.1962

செல்லசாமி வாத்தியாருக்கு,

பரீட்சை போன மாசம் முடிஞ்சுது. நல்லா எழுதியிருக்கேன்னு சொல்றா. அந்தச் சங்கதி அவ்வளவுதான்.

தைப்பொங்கல் கழிச்சு இறம்பொடையில ஒரு காதுகுத்துக்குப் போனேன். பந்தியில எனக்குப் பக்கத்துல உங்க தோட்டத்து ராக்காயி. பேச்சுவாக்குல, “செல்லசாமி வாத்தியார் குடும்பம் இந்தியாவுக்குப் போகுதே, அவங்க அப்பா எப்பவோ பாஸ்போட் எடுத்துட்டாரு”ங்கிறா. இலையை மடிச்சுட்டு எழுந்துட்டேன்.

ஒரு வருசமா கடுதாசி போடுறீங்க. மழை, குளிர், உருளைக்கிழங்குன்னு எல்லாம் பேசிக்கிட்டோம். இதை ஏன் எழுதல? எந்த ரகம்னு நான் நேராக் கேட்டப்ப ‘தெரியாது’ன்னு எழுதினீங்களே, பெத்த அப்பன் பாஸ்போட் எடுத்தது தெரியாதா?

எனக்குப் பிரஜா உரிமை இருக்கு. எம் புருசன் கவருமெண்டு கச்சேரி கச்சேரியா அலைஞ்சு வாங்கினது. என் பேத்தி இந்த மண்ணுல வாத்தியாரம்மா ஆகணும். அவளுக்கு இங்கிலீசு சொல்லிக் குடுத்துக் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போறதுக்குத்தான் இவ்வளவு நாளும் நாடகமா? நீங்க அனுப்பின அத்தனை தாளையும் மறுபடி எடுத்து வெச்சிருக்கேன். பசையைச் சுரண்டி, ஒவ்வொரு வரியா கிளாக்கரைப் படிக்கச் சொல்லியிருக்கேன். ஒரு வரி தப்பா இருந்தாலும் நான் கந்தப்பளைக்கு வருவேன், நாலு பெரிய மனுசங்களோட வருவேன்.

நாகலெட்சுமி


கந்தப்பளை,
30.1.1962

அம்மாவுக்கு,

ராக்காயி அக்கா சொன்னது உண்மை. நான் சின்னப் பையனாக இருக்கும்போது அப்பா கண்டிக்குப் போய் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தார். என் பேரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். எங்கள் ஊர் துறையூர்ப் பக்கம் என்கிறார்கள். நான் பார்த்ததில்லை. இங்கே தங்குவதற்கு அனுமதிச் சீட்டு உண்டு. அதை நீட்டித் தரலாம், தரக்கூடும் என்று கச்சேரியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நானும் அதை நம்பிக்கொண்டே இருந்தேன். முடியாது என்று இந்த மாதம் சொல்லிவிட்டார்கள். சித்திரைக்குள் நாங்கள் போக வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்குப் பதில் எழுத முடியும். நான் வேறு வழி இல்லாத ரகம்.

தாள்களைத் தாராளமாகப் படிக்கச் சொல்லுங்கள். கிளாக்கர் ஐயாவுக்கு வெளிச்சத்தில் வைத்தும் காட்டுங்கள். ஒன்றும் கிடைக்காது. தனலெட்சுமியைப் பற்றி எனக்கு நினைப்பே இல்லை என்று நான் எழுதினால் அது பொய். நினைப்பு உண்டு. உங்கள் தோட்டத்தில் இருந்தபோதே உண்டு. கைம்மாறு கேட்காததற்குக் காரணம் அதுதான். ஆனால் நாளைக்கு இந்த ஊரில் இருப்பேனா என்று தெரியாதவன் ஒரு பெண்ணைக் காத்திருக்கச் சொல்வது நியாயமில்லை என்று பட்டது. எழுதக்கூடியவனாகத்தான் இருந்தேன். எழுதவில்லை.

இதை அவளிடம் காட்டுவதும் காட்டாததும் உங்கள் கையில். இதன் மேலும் பஞ்சாங்கம் ஒட்டலாம்.

செல்லசாமி


பாலத்தடித் தோட்டம்,
11.3.1962

தம்பி செல்லசாமிக்கு,

நாள் கடந்து எழுதுறேன். உடம்புக்கு ஒண்ணும் இல்ல. பேனாவை எடுக்க மனசு வரல.

தனம் இங்கிலீசுல தேறிட்டா. தபால்ல வந்துச்சு. கிளாக்கர் தராசுக்குப் பக்கத்துல நின்னு சத்தமாப் படிச்சாரு, மீனம்மா காதுல நல்லா விழுற மாதிரி இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன்.

அப்புறம் அவளைக் கேட்டேன், ஆம்பளை வரியெல்லாம் மூடி வெச்சிருந்தேனே, பரீட்சையில நீ என்னடி பண்ணுனன்னு. சிரிக்கிறா. “அப்பாயி, நீங்க மலைக்குப் போனதும் கேத்தல்ல தண்ணி கொதிக்க வெச்சு, ஆவியில புடிச்சா பஞ்சாங்கம் அலுங்காம வந்துரும். படிச்சிட்டுத் திருப்பி ஒட்டிடுவேன்.” அப்ப ஏன்டி பதில் எழுதாம அனுப்பினன்னு கேட்டா, “எழுதினா நீங்க கண்டுபிடிச்சிருவீங்களே”ங்கிறா. ஒரு வருசம் எனக்குப் பக்கத்துல உக்காந்து. நான் உங்களைத்தான் காவல் காத்துக்கிட்டு இருந்தேன்.

கிளாக்கர் அத்தனை தாளையும் படிச்சு முடிச்சாரு. “ஆயா, இதுல பாடத்தைத் தவிர ஒண்ணும் இல்ல”ன்னாரு. இல்லன்னு கேட்டதும் சந்தோசப்படணும். எனக்குச் சந்தோசம் வரல.

உங்க கடுதாசிய அவகிட்ட குடுத்தேன். ஒட்டாமத்தான் குடுத்தேன். படிச்சிட்டு வாசல் எஸ்தோப்புத் திண்ணைப் பக்கம் போய் நின்னுக்கிட்டா. அன்னைக்குச் சாப்பிடல.

நான் மறைக்க மாட்டேன் தம்பி. அவ இங்கயே இருக்கணும்னுதான் எனக்கு ஆசை. அவ பொறந்த லயத்து வீடு இது. போனா அவளை மறுபடி பார்க்கிற வயசு எனக்கு இல்ல. இதை அவகிட்டயும் சொன்னேன். சொன்னதுக்கு அப்புறம் வாயை மூடிக்கிட்டேன். போகலாமா, இருக்கணுமான்னு சொல்ல வேண்டியவ நான் இல்லன்னு எனக்கே தெரியுது. படிக்க வெச்சது நான்தானே.

இதோட ஒரு தாள் வெச்சிருக்கு, நாலா மடிச்சது. அவ எழுதினது. இங்கிலீசுல எழுதியிருக்கா, பொல்லாதவ. கிளாக்கர் இன்னைக்கும் ஆபீசுல சும்மாதான் உக்காந்திருந்தாரு. அந்தப் பக்கமாத்தான் தபால் பெட்டிக்கு நடந்து போகணும். நான் தாளைப் பிரிக்கல. கஞ்சிப் பசை கொஞ்சம் காய்ச்சினேன், கவர் வாயை ஒட்டுறதுக்கு மட்டும்.

பதிலை அவ பேருக்கே போடுங்க. கொழுந்து நிறுக்கிற எடத்துல பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும். நான் பக்கத்துலதான் நிப்பேன்.

இப்படிக்கு,
தனத்தோட அப்பாயி